சறுக்குமரத்தின் திறப்பு விழா

அம்பகரத்தூரிலிருந்து காரைக்காலுக்குப் போகும் மாலை நேரப் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு பள்ளி ஆசிரியையும் அவருடைய தோழியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து எங்க ஹெச்.எம். என்னைய சறுக்குமரத்துல கையும் களவுமா புடிச்சிட்டாருடி," என்றார் ஆசிரியை.

"சறுக்குமரத்துலயா? நீ ஏன் அதுல ஏறுன?"

"பள்ளிக்கூடத்துல புதுசா ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் போட்டிருக்கோம். யாரோ பெரிய மனுசர் வந்து திறக்கணும்னு ஹெச்.எம். சுத்திக் கயிறு கட்டி வச்சிட்டாரு. அந்த ஆளுக்கு நேரமே கிடைக்கல. புள்ளைங்க தினமும் கயித்தப் புடிச்சிக்கிட்டு ஏக்கமா நிக்கிதுங்க. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் எனக்கே ஆசை தாங்கல. ஏறிச் சறுக்கி, நேரா அவரு காலடியில வந்து விழுந்தேன்."

"ஐயையோ! என்ன சொன்னாரு?"

"நான் முந்திக்கிட்டு, 'ஆணி கீணி நீட்டிக்கிட்டு இருக்கான்னு பார்த்தேன் சார்'னேன். அவரு சுத்தும்முத்தும் பார்த்தாரு. 'ஒருத்தர் பார்த்தா போதுமா?'ன்னு செருப்பக் கழட்டிட்டு ஏறிட்டாரு!"

தோழி சிரித்த சிரிப்பில் நடத்துநரே திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம்?"

"இன்னிக்குக் காலைல அவரே கயித்த அவுத்து விட்டுட்டாரு. புள்ளைங்க போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சு. 'அந்தப் பெரிய மனுசர் வந்தா என்ன சார் செய்யிறது?'னேன். 'வரிசையில நிக்கச் சொல்லுங்க டீச்சர்'ங்கிறாரு."