அக்காவுக்கு வசனம் வாசித்தவள்

இந்தக் கூடத்துக் கம்பளம் தேய்ந்திருப்பதைப் பார்த்து எங்களைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். முதியோர் நலத்துறையிலிருந்து வருபவர்கள் வீட்டுச் சுத்தத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அக்கா நடந்து நடந்தே தேய்த்தது அது. அப்போதெல்லாம் ஓர் இடத்தில் உட்காரவே மாட்டாள்.

அவளை நீங்கள் திரையில் பார்த்திருப்பீர்கள். ஒஹாயோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வந்த புதிதில் சோப்பு விளம்பரம். பிறகு பேய்ப் படங்களில் அலறும் பெண். அப்புறம் வருஷக்கணக்கில் தொலைக்காட்சியில் யாராவது ஒரு போலீஸ்காரரின் மனைவி. கதவைத் திறந்து, "ஜாக்கிரதையா போயிட்டு வாங்க" என்பதோடு வேலை முடிந்துவிடும். தலை நரைத்த பிறகுதான் நல்ல காலம் வந்தது. ஒரு தொடரில் நீதிபதி வேடம், வாராவாரம் நாடே பார்த்தது. கோரின் ட்ராஸ்க் என்றால் கடைத்தெருவில் கூட்டம் கூடிவிடும். பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தங்கை நெல்டாவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதை நான் பொருட்படுத்தியதில்லை.

வசனத்தைக் கண்ணால் படித்தால் அவளுக்கு மண்டையில் ஏறாது. நான் வாசிக்க வேண்டும், அவள் நடந்தபடியே கேட்க வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கூடவே வைத்திருந்தாள். அவள் படப்பிடிப்புக்குப் போன நாட்களில் எனக்கு இருப்புக்கொள்ளாது. தெருவில் எந்தக் கார் வந்தாலும் ஜன்னலுக்கு ஓடுவேன்.

அப்படியிருக்க, ஒரு நாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"நெல்டா, அடுத்த வருஷம் ஷூட்டிங் நியூயார்க்குக்கு மாறுதுடி. வசனம் சொல்லிக் கொடுக்க அங்கயே ஆள் இருக்காங்களாம். நீ இங்கயே இரு. எத்தனை நாளைக்குத்தான் என் பின்னாடியே சுத்துவ? உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேண்டாமா?"

"இந்த வயசுல எனக்கென்னக்கா புது வாழ்க்கை?"

"நல்லா கேட்ட போ. எனக்கே இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு" என்று சிரித்தாள்.

அதற்கு மேல் எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. அவள் மிகவும் களைத்துப்போயிருக்கிறாள், அவளுக்கு ஓய்வு தேவை என்று மட்டும் தெளிவாகப் புரிந்தது.

படப்பிடிப்பில் வசனத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாற்றும்போதெல்லாம் புதுத் தாள் வேறு நிறத்தில் வரும். முதலில் வெள்ளை, பிறகு நீலம், பிறகு இளஞ்சிவப்பு. அந்த வாரம் ஒரு நாள் இளஞ்சிவப்பு வந்திருந்தது. அக்கா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நான் பழைய வெள்ளைத் தாளை வாசித்தேன்.

மறுநாள் படப்பிடிப்பில், விடுதலை செய்ய வேண்டியவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்களாம். அடுத்தடுத்த வாரங்களில் யாரும் சிரிக்கவில்லை.

"நீ இப்படித்தானேடி வாசிச்ச?" என்பாள் வீட்டுக்கு வந்து.

புதுத் தாளை எடுத்துக் காட்டுவேன். "இதைத்தான்க்கா வாசிச்சேன். அதுக்குள்ள மறந்துட்டியா?"

டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். ஒரு குறையும் இல்லை என்று அவர் என்னிடம் போனில் சொன்னார். மறதி நோயின் ஆரம்ப நிலை என்று நான் அவளிடம் சொன்னேன். குறையில்லை என்று சொல்லியிருந்தால் பாவம், இன்னும் குழம்பியிருப்பாள். தொடரில் நீதிபதியைச் சாகடித்துவிட்டு, வீட்டுக்குப் பெரிய பூங்கொத்தாக அனுப்பினார்கள்.

உங்களிடம் புகார் கொடுத்தாரே, அந்த இளம் டைரக்டர், அவர் தன் புதுப் படத்துக்கு நடிகை தேடியபோது அவள் தனியாகப் போய்ப் பார்த்தது எனக்குத் தெரியாது. கார் சாவி என்னிடம்தான் இருந்தது. காலையில் நான் வெளியே போயிருந்தபோது பஸ் ஏறிப் போயிருக்கிறாள். நான் கடைக்குப் போகும் நேரமெல்லாம் தானே வாய்விட்டு வாசித்து வசனத்தைப் பாடம் பண்ணியிருக்கிறாள். மத்தியானம் முகமெல்லாம் சிவக்க உள்ளே வந்தாள்.

"நெல்டா, ஒரு சொல் பிசகலடி! அந்தப் பையன் அழுதே போயிட்டான். வேஷம் எனக்குத்தான். எனக்கு ஒண்ணுமில்லடி, நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வருஷங்களாகியிருந்தன. கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"அக்கா, நீ எங்கயும் போகலயே. காலைல சாப்பிட்டதுலேருந்து இதுலதானே தூங்கிட்டிருந்த?"

அவள் தன் காலைப் பார்த்தாள். தெருத் தூசியோடு ஷூ இன்னும் காலில் இருந்தது. குனிந்து அதை மெதுவாகக் கழற்றினேன்.

"கனவாடி?"

"கனவுதான்க்கா."

டைரக்டர் போன் செய்தபோது, அவள் இனி நடிக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அமைதியாக இருக்கிறாள்.

இன்று காலை நீங்கள் அவள் பெயரைக் கேட்டீர்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகுதான் "கோரின்" என்றாள். உடனே உங்கள் முகம் மாறிவிட்டது. ஏனென்று எனக்கு இன்னும் புரியவில்லை. தனக்குக் கெடுதல் செய்தவளை ஒருத்தி இந்த அளவுக்கு நம்புவாளா, நீங்களே சொல்லுங்கள்.