ஒரே ஒரு மெஷினுக்கு

கொசு: ...இல்ல, நீதான் அழிக்கணும். நீ வெச்ச ஃபைலு, நீயே எடு.

கத்தரி: இதுக்காகவா மூணு மாடி இறங்கி வரச் சொன்னே? ஒரு ஃபைலை டெலீட் பண்ணக் கையில வலு இல்லையா?

கொசு: கையில இருக்கு... சரி, உக்காரு. அந்த நாற்காலி ஆடும், சுவத்தோரமா சாஞ்சுக்க.

கத்தரி: இன்னுமா இதை மாத்தல? பதினோரு வருஷமாச்சுடா கொசு!

கொசு: இந்த ஆபீஸ்ல என்னைக் கொசுன்னு கூப்பிட நீ ஒருத்திதான் மிச்சம்.

கத்தரி: எல்லார் காதுலயும் போய் 'இங்க பக் இருக்கு, அங்க தப்பு இருக்கு'ன்னு ரீங்காரம் போட்டா வேற என்னன்னு கூப்பிடறதாம்?

கொசு: நீ மட்டும்? யாரு எழுதின புரோகிராமைப் பாத்தாலும் 'வேண்டாம், வெட்டு'. உனக்குக் கத்தரின்னு பேரு வெச்சவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்.

கத்தரி: வெச்சவன் நீதானே?

கொசு: அதான் சொல்றேன். அப்பேர்ப்பட்ட கத்தரி, இந்த ஒரு ஃபைலை மட்டும் யாரையும் தொட விடலியே... ஏன்னு இன்னைக்காவது சொல்லுவியா?

கத்தரி: பஸ் கம்பெனிக்காரங்க கேட்டாங்க.

கொசு: அவங்க கேக்கவே இல்ல.

கத்தரி: விடேன். ஸ்கிரீனைத் திருப்பு... அட! மேல பாரு, நான் எழுதின குறிப்பு. 'மேனேஜர் கவனத்துக்கு, இது தலையணைப் பஞ்சு அல்ல.'

கொசு: ஐயோ, மறந்தே போச்சு! 'பாலிஃபில் போடணும் சார்'னதும், தலையணைக்குள்ள அடைக்கற பஞ்சுன்னு நெனைச்சு, 'ஆபீஸ்ல எதுக்கும்மா தலையணை?'ன்னாரே மனுஷன்!

கத்தரி: படம் போட்டு விளக்கினேன். 'சார், பஸ் நேரம் காட்டற பலகைக்கு நாமளே சொந்தமா ஒரு டேக் செஞ்சு பேரு வெச்சிருக்கோம். புது பிரவுசர்னா பேரைச் சொன்னதும் புரிஞ்சுக்கும். பழசு திருதிருன்னு முழிக்கும். அது காதுல மெதுவா சொல்லிக் குடுக்கற ஃபைல்தான் இது'ன்னு.

கொசு: எல்லாம் கேட்டுட்டு, 'சரிம்மா, பஞ்சை வெச்சுக்க'ன்னாரு.

கத்தரி: தங்கமான மனுஷன்...

கொசு: இதே மேஜைதான். நாலு கம்ப்யூட்டர், நாலு பிரவுசர், ஒரே பக்கம். ஒண்ணுல மணிமணியா வரும். ரெண்டாவதுல ஒரு பெட்டியோட கலரு வேலி தாண்டி அடுத்த பெட்டிக்குள்ள போய் உக்காந்துக்கும்...

கத்தரி: மூணாவதுல பட்டனைத் தட்டிட்டு நாம போய் டீ குடிச்சுட்டு வரலாம்.

கொசு: பழசுக்குப் புரியற மாதிரி எறக்கி எழுதினா, புதுசு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிச்சே!

கத்தரி: அதைச் சமாதானம் பண்ண இன்னொரு ஃபைலு. நாம செஞ்சது புரோகிராம் வேலையா? பஞ்சாயத்துடா.

கொசு: நாலாவது...

கத்தரி: நாலாவது வெறும் வெள்ளை.

கொசு: 'தம்பி... வெள்ளையா இருக்கு.'

கத்தரி: அதை விடு. டெலீட் பட்டன் எங்க?

கொசு: ஞாபகம் இருக்கா? பஸ் டிப்போ, விசாரணை ஜன்னல். காலைல பத்து மணி ஆனா போனு. 'தம்பி, வெள்ளையா இருக்கு. வெளிய ஆளுங்க நிக்கறாங்க, என்ன சொல்லட்டும்?' போனை வெச்சதும் நான் அவரை மாதிரியே பேசிக் காட்டுவேன். ரூமே உருண்டு பொரளும்.

கத்தரி: நானும் சிரிச்சேன்.

கொசு: நீதான் எல்லாரையும் விடப் பெருசா சிரிச்சே.

கத்தரி: ஆமா.

கொசு: அப்புறம் மூணு சனி ஞாயிறு, யாருகிட்டயும் மூச்சு விடாம வந்து உக்காந்தே. ஒரே ஒரு மெஷினுக்கு! 'ஆயிரத்துல ஒருத்தர்கூட இல்ல, விட்டுடலாம்'னு மீட்டிங்ல சொன்னப்ப மேஜையைத் தட்டினே பாரு... 'வெளிய நிக்கறவங்க பிரவுசரைத் திட்ட மாட்டாங்க, உள்ள உக்காந்திருக்கற மனுஷனைத்தான் திட்டுவாங்க'ன்னு. அன்னைக்கு உன் குரலு உடைஞ்சுச்சு.

கத்தரி: ஜலதோஷம்.

கொசு: கத்தரி...

கத்தரி: சரி. சொன்னா என்னைக் கேவலமா நெனைக்கக் கூடாது.

கொசு: மாட்டேன்.

கத்தரி: அவரு எங்கப்பா. அப்ப எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. டிப்போவுலயே எனக்கு ஒரு வேலை சொல்லி வெச்சிருந்தாரு. வேணாம்னு பெட்டியைத் தூக்கிட்டு ஹாஸ்டலுக்கு வந்துட்டேன். 'அந்தக் கம்ப்யூட்டரா உனக்குச் சோறு போடும்?'னு வாசல்ல நின்னு கேட்டாரு. ஒன்றரை வருஷம் கழிச்சு அவரு குரலைக் கேக்கறேன், நீ போட்ட ஸ்பீக்கர்ல. எல்லாரும் சிரிக்கறீங்க... நான் மட்டும் சிரிக்கலேன்னா ஏன்னு கேப்பீங்களே... அதான்...

கொசு: அதான் பெருசா சிரிச்சே.

கத்தரி: நான் செஞ்ச பலகைதான் அவரை நாலு பேரு முன்னாடி தலை குனிய வெச்சுது. போனை எடுத்து 'அப்பா, நான் சரி பண்றேன்'னு ஒரு வார்த்தை... வாய்ல வரல. இதை எழுதினேன். அவருக்குத் தெரியாது. நானும் இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

கொசு: அப்புறம் எப்படிச் சேந்தீங்க?

கத்தரி: அதுதான் விளங்கல. அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஹாஸ்டல் வாசல்ல குடையோட நிக்கறாரு. 'இந்தப் பக்கமா வந்தேன்'னாரு. அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது! நானும் தோண்டிக் கேக்கல. இப்ப என்கூடத்தான் இருக்காரு. காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

கொசு: இந்த லாகைப் பாரு. இந்த ஃபைலு எங்கெங்க இறங்கிச்சுன்னு.

கத்தரி: ஒரே இடம்... தினமும். ஒரு வருஷம், ரெண்டு... ஆறு வருஷமா? இது அவரு ரிட்டயர் ஆன தேதி! அதுவரைக்குமா அந்த ஓட்டை மெஷினை மாத்தாம வெச்சிருந்தாங்க?

கொசு: மாத்தப் போனதே நான்தான். அடுத்த வருஷமே. மொத்தம் எட்டு ஜன்னலு, ஏழுல இருந்தது ஓரளவு ஓடற மெஷின்தான், அதுலயும் புதுசு வெச்சுட்டு வந்தேன்.

கத்தரி: எட்டாவது?

கொசு: எட்டாவது அவரு.

கத்தரி: அவருக்கு மட்டும் ஏன் குடுக்கல? கொசு... என்னத்தை மறைக்கறே?

கொசு: திட்டறதுன்னா முழுசாக் கேட்டுட்டுத் திட்டு. பக்கம் சரியான அன்னைக்கு அவரு போன் பண்ணி, 'வந்துடுச்சு தம்பி, யாரு செஞ்சது?'ன்னாரு. உன் பேரைச் சொன்னேன். 'அது என் பொண்ணு. நான் கேட்டேன்னு அவகிட்டச் சொல்லிடாதீங்க'ன்னு வெச்சுட்டாரு. அடுத்த வருஷம் புது மெஷினைத் தூக்கிட்டுப் போய், 'சார், இதுல பிரவுசரே புதுசு, உங்க பொண்ணு எழுதின ஃபைலு இனிமே தேவையே படாது'ன்னு பெருமையா சொன்னேன். எழுந்து வந்து அந்தப் பழசை மறைச்சுக்கிட்டு நின்னாரு. 'வேற யாருக்காவது குடுங்க தம்பி. இது எனக்குன்னே எழுதினது'ன்னாரு.