கரிமேட்டுத் தண்ணீரில் ஒரு தேநீர்

தலைமை தாங்கும் ஊர்ப் பெரியவர் அவர்களே, கல்லையும் நாணலையும் கொண்டு நம் தண்ணீரைத் தெளிய வைத்த இன்ஜினீயர் அம்மையார் அவர்களே, துருத் தண்ணீரில் துவைத்துத் துவைத்து வெள்ளை நிறத்தையே மறந்துபோன தாய்மார்களே, வணக்கம். இந்த நாள் வரும் என்று அன்றே சொன்னவன் நான். சொன்னேனா, இல்லையா? பின்வரிசையில் கனைப்பது யார், டீக்கடை மாப்பிள்ளையா? கனையுங்கள், உங்களிடம் பிறகு வருகிறேன்.

முன்வரிசையில் காலியாக இருக்கும் அந்த நாற்காலி என் தங்கைக்கு. மாலைப் பேருந்தில் வந்துகொண்டிருக்கிறாள்.

நம் கரிமேட்டுச் சுரங்கத்தை மூடியவர்கள் கரியைக் கொண்டுபோனார்கள்; கழிவை மலையாக விட்டுப்போனார்கள். மலைக்குள் மழை இறங்கியது, மண்ணுக்குள் நஞ்சு இறங்கியது, நம் கிணறுகள் புளித்தன. அந்தத் தண்ணீரில் டீ போட்டால் என்ன ஆகும்? மை ஆகும். அதில் பேனாவை நனைத்து மேலிடத்துக்கு மனுவே எழுதியிருக்கிறேன். ஓர் எழுத்து அழியவில்லை.

என் தங்கை கைக்குழந்தையைக் குளிப்பாட்டினாள். பிஞ்சுத் தோளில் துரு படிந்தது. துடைத்தாள், மறுபடி படிந்தது. "அண்ணே, நான் கிளம்பறேன். டீ டீ நிறத்துல இருக்கற அன்னிக்குச் சொல்லு, வரேன்" என்றாள்.

ஆசை யாரை விட்டது? மறு ஆண்டே போனில், "டீ செக்கச்செவேல்னு இருக்கு, வாம்மா" என்றேன். நம்பி வந்தாள். மாப்பிள்ளை நீட்டியதோ மை. கிளாஸைக் கவிழ்த்துவிட்டுக் குழந்தையை இடுப்பில் ஏற்றினாள்.

"என்னைப் பாக்கணும்னா பாக்கணும்னு சொல்லேண்ணே. தண்ணிய ஏன் சாட்சிக்கு இழுக்கறே?"

அன்று பேருந்து ஏறியவள்தான், பிறகு வரவேயில்லை. அந்தக் குழந்தை இப்போது என் தோள் உயரமாம். தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு அம்மையார் வந்தார். கழிவுமேட்டைக் களிமண்ணால் மூடினோம். வாய்க்கால் வெட்டிச் சுண்ணாம்புக்கல் நிரப்பிக் கிணற்று நீரை இறைத்து இறைத்து அதில் விட்டோம், புளிப்பு அடங்கியது. குளத்தில் தேக்கினோம், துரு அடியில் தங்கியது. கரையெல்லாம் நாணல் நட்டோம். வயிறு எரியும் பூமிக்குச் சுண்ணாம்புதான் மருந்து என்று யோசனை சொன்னதே அடியேன். அம்மையார் சிரிக்கிறார், மறுக்கவில்லை, கவனியுங்கள்.

இன்று காலை மாப்பிள்ளை பால் சேர்க்காமல் ஒரு டீ போட்டார். வெயிலில் தூக்கிப் பிடித்தேன். தேன் நிறம். பொன் நிறம். இல்லை, வேண்டாம். டீ நிறம்.

உடனே போன் போட்டேன். "போன தடவையும் இதையேதானே சொன்னே அண்ணே" என்று வைத்துவிட்டாள்.

ஆகவே பெருமக்களே, தங்கை மாலைப் பேருந்தில் வருகிறாள் என்றேனே, அது மட்டும் நானாகச் சேர்த்தது. என் வாய் சொன்னால் வரமாட்டாள். இப்போது எல்லோருக்கும் டீ வருகிறது. குடித்துவிட்டு ஒவ்வொருவராக மேடைக்கு வாருங்கள், இந்தப் போனில் அவளிடம் நிறத்தை மட்டும் சொல்லுங்கள். கூட ஒன்றும் சேர்க்காதீர்கள். சேர்த்துத்தான் நான் அவளை இழந்தேன்.

காது கொடுத்தவர்களுக்கு நன்றி. சாட்சி சொல்லப்போகிறவர்களுக்கு என் வணக்கம்.