ஊர் கூடி நிரப்பிய போத்தல்

“ஊரே கூடி ஒரு போத்தல் தண்ணி நிரப்பத் தெரியேல்லை உங்களுக்கு.”

கண்டாவளை பஸ்ஸில் என் முன் சீற்றிலிருந்த அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர் விவசாயிகளின் கமக்கார அமைப்பின் செயலாளர் என்பது பேச்சில் தெரிந்தது.

“மெல்லக் கதையுங்கோ அக்கா.”

“ஏன் மெல்ல? வயலால வடியிற தண்ணியில பூச்சிமருந்து கிடக்கோ எண்டு பாக்க, சோதிக்கிற கந்தோர்க்காரர் வாய்க்கால் தண்ணியைத்தானே கேட்டவங்கள்?”

“அதைக் குடுத்தா எல்லாற்றை வயலும் மாட்டுப்படும். அதுதான் எல்லாருமாக் கதைச்சு, கிணத்துத் தண்ணியை நிரப்பிக் குடுத்தனாங்கள்.”

“நல்ல ஒற்றுமை! வாய்க்கால் துப்புரவாக்கக் கூப்பிட்டா ஒருத்தரையும் காணேலாது.”

“கிணத்திலயும் மருந்து கிடக்குமெண்டு ஆர் கண்டது? இந்தத் தண்ணியைக் குடிக்கவே கூடாதெண்டு சொல்லிப்போட்டாங்கள்.”

“ஆற்றை கிணறு அது?”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“பள்ளிக்கூடத்துக் கிணறு.”

“அங்க சொல்லியாச்சோ?”

“சொன்னா, வாய்க்காலில அள்ளேல்லை எண்டு தெரிஞ்சிடுமே அக்கா.”

அந்த அம்மா எட்டி மணியை அடித்தார்.

“எழும்பு. பள்ளிக்கூடத்தடி வருது. பிள்ளையளுக்கு முன்னால நிண்டு ஒண்டில் சொல்லு, இல்லாட்டி அந்தத் தண்ணியில ஒரு செம்பு குடி.”