வெயில் நாளில் வராத ஜெயராணி

பெருமைக்குரிய சங்கத் தலைவர் சந்திரமோகன் அவர்களே, கடல் கடந்து வந்து காட்டைக் கழனியாக்கிய பெரியோர்களே, காலையில் வாளி தூக்கிய கையோடு மாலையில் படம் பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே, அந்தமான் சௌல்தாரியின் சொந்தங்களே, உங்கள் அஸ்மா டீச்சரின் அன்பு வணக்கம்.

படம் பார்த்தோம். அழுதோம். ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் படும் பாட்டை, படம் எடுத்த தம்பி சுரேந்திரன் முக்கால் மணி நேரத்தில் காட்டிவிட்டார். பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள், "இதையெல்லாம் வெளியில காட்டணுமா டீச்சர், நம்ம மானம் போவுதே" என்று. ஐயா, பிள்ளை பசித்துக் கிடந்தபோது போகாத மானம், படத்தில் வந்ததும் போய்விடுமா? உட்காருங்கள், சொல்கிறேன்.

படத்தில் ஒரு டீச்சர் வருகிறாளே, நனைந்து வந்து நின்ற பெண்ணைப் பார்த்து, "மழைக்கு ஒதுங்கத்தான் பள்ளிக்கூடம் வர்றியா?" என்று வகுப்பே சிரிக்கக் கேட்கிறாளே, அவள் கற்பனை அல்ல. அவள் நான்தான். ஊர்ப் பிள்ளைகள் மழைக்கு மட்டம் போடுவார்கள். இந்த ஜெயராணி மழை நாளில் மட்டும் வருவாள். கொழுப்பு என்று நினைத்தேன். படித்தவள் நினைத்தேன், பாடம் நடத்துகிறவள் நினைத்தேன், வெட்கமில்லாமல் நினைத்தேன்.

அவள் தலை குனிந்து சொன்னாள்: "பாரிஷ் வந்தா பால்வெட்டு கிடையாது டீச்சர். மழையில மரம் நனைஞ்சா கத்தி வைக்க மாட்டாங்க. அன்னிக்கு மட்டுந்தான் எனக்கு ஸ்கூலு."

அவள் தாய் வேலாயிக்கு முதுகில் அடி. மரத்தைக் கீறுவார், பாரம் தூக்க முடியாது. சிரட்டை சிரட்டையாகப் பாலைச் சேர்த்து, வாளியில் சுமந்து, எடை போடும் இடத்தில் மகள் இறக்கும்போது பள்ளியில் மூன்றாம் மணி அடித்திருக்கும். படத்தில் வருவதும் அதே ஜெயராணிதான். அவள் நடித்தாள் என்று சொல்லாதீர்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வெழுத அவளுக்கு இன்னும் இருபது நாள் வருகை வேண்டும். மழையோ இனி தேர்வெல்லாம் முடிந்து வைகாசியில்தான். வானம் கொடுக்காத அந்த இருபது நாளை யார் கொடுப்பது? நம் கண்ணீர் கொடுக்குமா? நம் கைதட்டல் கொடுக்குமா? நம் கைகள்தான் கொடுக்க வேண்டும்.

திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று அந்த வாளியை நான் தூக்குகிறேன். செவ்வாய்க்கிழமை யார்?

கடைக்கார முபாரக் பாய் எழுந்துவிட்டார். "செவ்வா நான் வர்றேன், கடையப் பத்து மணிக்குத் தொறந்துக்கலாம்" என்கிறார். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும், பாய்.

அதோ வேலாயி அக்கா கை ஆட்டுகிறார். "வேணாம் டீச்சர், எங்க கஷ்டம் எங்களோட போவட்டும்." போகாது அக்கா. உங்களோடு போகவில்லை, உங்கள் மகளிடம் வந்துவிட்டது. அவளைத் தாண்டி அது போகக்கூடாது.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. பேனா என் கையில் இருக்கிறது, ஒலிபெருக்கி உங்களிடம் வருகிறது. எழுந்து பெயர் சொல்லுங்கள். பதினெட்டும் நிரம்பிய பிறகுதான் நன்றியும் வணக்கமும் சொல்வேன். அதுவரை இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.