நூறு புகார் வேண்டும்

கம்ப்யூட்டர்: க்ர்ர்ரீஈஈ... க்ர்ர்ரீஈஈ... பூஃப்.

கொழுந்தன்: அண்ணி... அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க. என் கம்ப்யூட்டருக்குள்ள யாரோ மரம் அறுக்கிறாங்க.

அண்ணி: வர முடியாது. ஆபீஸ் வேலையில இருக்கேன். வீட்டுல உட்கார்ந்து பார்த்தாலும் அது ஆபீஸ்தான்.

கொழுந்தன்: உங்க ஆபீஸ் விஷயம்தான். உங்க ஆன்லைன் கேம் கடையைத் திறந்தேன். இப்படிச் சத்தம் போட்டுட்டு தானா மூடிக்கிச்சு. நாலு தடவை.

அண்ணி: நீ ஏன் இன்னிக்கு வேலைக்குப் போகலை?

கொழுந்தன்: லீவு. அந்தப் படகுப் பந்தய கேம் இன்னிக்குத்தான் வருது. மூணு வருஷமா 'லினக்ஸுக்கு விரைவில்'னு போட்டு வச்சிருந்தீங்களே, அதேதான்.

அண்ணி: என்ன சொல்லி லீவு கேட்டே?

கொழுந்தன்: ...பல்வலி.

அண்ணி: பல்செட் செய்யிற லேப்ல வேலை பார்த்துக்கிட்டு, பல்வலின்னு லீவா?

கொழுந்தன்: முதலாளிகூட 'வாயைத் திற, பார்க்கிறேன்'னார். நல்லவேளை, ஃபோன்ல பேசினேன். பேச்சை மாத்தாதீங்க. உங்க கடை ஏன் கத்துது?

அண்ணி: தெரியலை. ஒரு புகார் எழுதிப் போடு.

கொழுந்தன்: புகாரா? நானா? அதெல்லாம் விண்டோஸ்காரங்க பழக்கம் அண்ணி. நாங்க விண்டோஸை எடுத்துட்டு இலவச லினக்ஸ்ல கம்ப்யூட்டர் ஓட்டுற லினக்ஸ்காரங்க. வண்டி நின்னா நாங்களே இறங்கி, நாங்களே கழட்டி, நாங்களே மாட்டிக்குவோம்.

அண்ணி: பெரிய பெருமைதான்.

கொழுந்தன்: பெருமை இல்லை, வேற வழி இல்லை. விண்டோஸ்காரன் வந்தா உங்க கடையில வாசல்லயே வரவேற்பு. நாங்க வந்தா பின்பக்கமா சுத்தி, மூணாவது பக்கத்துல கடுகு சைஸ்ல எங்க லினக்ஸ் சின்னம், ஒரு பென்குயின் படம். அதைத் தொட்டா 'மன்னிக்கவும்'.

அண்ணி: அந்தப் பென்குயினை வரைஞ்சது நான்.

கொழுந்தன்: ...அழகாத்தான் இருக்கு. கொஞ்சம் பெரிசா வரைஞ்சிருக்கலாம்.

அண்ணி: பெரிசாத்தான் வரைஞ்சேன். வைக்க விடலை. தம்பி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு. இன்னிக்கு நாலு மணிக்கு மீட்டிங். லினக்ஸ் பிரிவை மூடப் போறாங்க.

கொழுந்தன்: பிரிவுன்னா... எத்தனை பேர்?

அண்ணி: நான்.

கொழுந்தன்: அப்புறம்?

அண்ணி: என் நாற்காலி. மூடிட்டா நான் வீட்டுக்குப் போகணும்... ஏற்கெனவே வீட்டுலதான் இருக்கேன், அதனால வேலை மட்டும் போகும். நீ வாங்கி வச்ச முப்பத்தேழு கேமும் இனிமே திறக்காது.

கொழுந்தன்: எதுக்கு மூடுறாங்களாம்?

அண்ணி: லினக்ஸ்ல ஆளே இல்லையாம். எட்டு மாசத்துல மூணே மூணு புகார். 'புகார் இல்லைன்னா ஆள் இல்லை'ன்னு மேனேஜர் முடிவு கட்டிட்டார். இந்த மாசம் நூறு வந்தா யோசிக்கலாம்னார். இன்னிக்குக் கடைசி நாள்.

கொழுந்தன்: அந்த மூணு புகாராச்சும் வந்துச்சே?

அண்ணி: அதுல ரெண்டு, 'நன்றி'ன்னு எழுதினது. இன்னொண்ணு, பென்குயினுக்குக் கண்ணு சின்னதா இருக்காம்.

கொழுந்தன்: ஆள் இல்லையாமே, ஆள். எங்க ஆன்லைன் குழுவுலயே நாலாயிரம் பேர் இருக்கோம்.

அண்ணி: நாலாயிரம் பேருக்கும் எட்டு மாசமா ஒரு தொந்தரவும் வரலையா?

கொழுந்தன்: தினம் வரும். காலையில ஏதாவது உடையும். மதியத்துக்குள்ள குழுவுல யாராவது மருந்து போட்டுடுவாங்க.

அண்ணி: யாராவது இல்லை, ஒரே ஆள். ஸ்க்ரூடிரைவர் மாதிரி, பேரு 'திருப்புளி'. தெரியுமா அவனை?

கொழுந்தன்: ...கேள்விப்பட்டிருக்கேன். நல்ல மனுஷர்னு பேசிக்கிறாங்க.

அண்ணி: நல்ல மனுஷனா? ஒருத்தன் புகார் சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள அவன் சரிபண்ணி வச்சுடுறான். என் வேலைக்கே வேட்டு. கையில மட்டும் கிடைக்கட்டும், இந்த வீட்டுல அவனுக்குக் காப்பி கிடையாது.

கொழுந்தன்: 'இந்த வீட்டுல'ன்னு ஏன் சொல்றீங்க?

அண்ணி: சும்மா, ஒரு பேச்சுக்கு. அது என்ன உன் ஃபோன்ல, இத்தனை மெசேஜ்?

கொழுந்தன்: ஒண்ணும் இல்லை. குழுவுல ஏதோ...

அண்ணி: கொடு பார்ப்போம். 'திருப்புளி அண்ணே, காது போச்சு, காப்பாத்துங்க.' 'திருப்புளி அண்ணே, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுறார்.' இதெல்லாம் உனக்கு ஏன் வருது, அண்ணே?

கொழுந்தன்: ...எப்பலேருந்து தெரியும்?

அண்ணி: ஒரு மாசமா. திருப்புளி மருந்து போடுற நேரத்தைப் பார்த்தேன். மதியம் ஒண்ணேகால், உன் லேப்ல சாப்பாட்டு நேரம். ஞாயித்துக்கிழமைன்னா, துணி காயப்போடுன்னு நான் கூப்பிட, நீ 'இதோ வரேன்'னு சொல்ற நேரம்.

கொழுந்தன்: அண்ணி... உங்க வேலைக்கு நான்தான் உலை வச்சேனா? சத்தியமாத் தெரியாது.

அண்ணி: தெரிஞ்சா செய்வியா, விடு. மணி மூணேகால். இந்தச் சத்தத்துக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டியா?

கொழுந்தன்: அது அப்பவே. ஒரே ஒரு ஆடியோ ஃபைல். அதைத் தூக்கி எறிஞ்சா சரியாயிடும். குழுவுல போடுறதுக்கு முன்னாடி உங்களைக் கொஞ்சம் வம்புக்கு இழுக்கலாம்னுதான் கூப்பிட்டேன்.

அண்ணி: போடாதே.

கொழுந்தன்: மூணு வருஷமாக் காத்திருக்காங்க அண்ணி. நானும்தான்.

அண்ணி: இன்னும் முக்கால் மணி நேரம். 'என்னால முடியலை, கடைக்கே புகார் எழுதுங்க'ன்னு போடு.

கொழுந்தன்: 'முடியலை'யா? ரெண்டு வருஷத்துல திருப்புளி அந்த வார்த்தையை எழுதினதே இல்லை.

அண்ணி: சரிப்பா, வேண்டாம். நாற்காலியை இப்பவே மடக்கி வச்சுடுறேன்.

கொழுந்தன்: இப்படிப் பேசினா நான் என்னதான் பண்றது... கொடுங்க ஃபோனை. என்னால... முடியலை. போட்டாச்சு. கை கூசுது.

அண்ணி: என்ன சொல்றாங்க?

கொழுந்தன்: போச்சு. 'நான் பார்க்கிறேன் அண்ணே'ன்னு பத்துப் பேர் ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

அண்ணி: தடு, தடு.

கொழுந்தன்: இருங்க. 'எல்லாரும் கையை எடுங்க. இது நம்ம அழுக்கு இல்லை, கடை அழுக்கு. மூணு வருஷமா விரைவில் விரைவில்னு ஏமாத்தினதுக்கு ஆளுக்கு நாலு வரி எழுதுங்க. கடைக்காரனே வந்து கழுவட்டும்.' போதுமா?

அண்ணி: கடையில வேலை பார்க்கிறவளுக்கு எதிர்லயே சொல்ற. போதும். உன் புகார் எங்க?

கொழுந்தன்: நானுமா? ...சரி. பேர், வயசு, 'எந்த வகைக் கம்ப்யூட்டர்'... விண்டோஸ், மேக், மற்றவை. அண்ணி, லினக்ஸ் பிரிவோட புகார் படிவத்துலயே லினக்ஸ் இல்லை.

அண்ணி: அதையும் சேர்த்து எழுது. இரு... வருது. பதினெட்டு... அறுபத்தஞ்சு... தம்பி, நூத்திப் பத்து. நிக்க மாட்டேங்குது. இதோ மேனேஜர் கூப்பிடுறார். நீ வாயைத் திறக்காதே, உனக்குப் பல்வலி.

மேனேஜர்: என்னம்மா இது, முந்நூத்தி நாற்பது புகார். இவங்க எல்லாம் இத்தனை நாள் எங்க இருந்தாங்க?

அண்ணி: நம்ம பின்வாசல்லதான் நின்னுட்டிருந்தாங்க சார்.

மேனேஜர்: சரி, சரி. பிரிவு இருக்கட்டும். அந்தப் பென்குயினையும் முன்பக்கத்துக்குக் கொண்டு வந்துடுங்க. ஆனா, அது என்ன சத்தம்? ஒருத்தர் மரம் அறுக்கிறதுன்னு சொல்றார். ஒருத்தர், லாரி மேடு ஏறுதுங்கிறார். ஒரு அம்மா, யாரோ கட்டிலைத் தரையில இழுக்கிறாங்கன்னு எழுதியிருக்காங்க. நம்ம ஆளுங்க யாருக்குமே பிடிபடலை.

அண்ணி: நான் சரிபண்ணிடுறேன் சார். அஞ்சு நிமிஷம்.

மேனேஜர்: அஞ்சே நிமிஷமா? இவ்வளவு கெட்டிக்காரியை மூடவா பார்த்தோம். வச்சுடுறேன்.

கொழுந்தன்: அஞ்சு நிமிஷமாமே.

அண்ணி: நீதானே சொன்னே, ஒரே ஃபைல்னு.

கொழுந்தன்: சொன்னேன். அது நேத்துச் சாயங்காலம்தான் உங்க கையால கடைக்குள்ள வந்த ஃபைல்னு சொல்லலை. வேகத்தை நாலு மடங்கு குறைச்சுப் போட்டுக் கேட்டேன் அண்ணி. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும், பதினெட்டு வருஷம், நான் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துப் பாயிலதான் படுத்திருந்தேன்.

அண்ணி: ...உன் அண்ணன்கிட்ட சொல்லிடாதே தம்பி. தன் குறட்டை நாலாயிரம் வீட்டுல கேட்டுச்சுன்னு தெரிஞ்சா, மனுஷன் அப்புறம் கண்ணையே மூட மாட்டார்.