சீப்பு என்ற சொல்

வெந்நீர் இருந்தால் கொடுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. குளிர்ந்த தண்ணீரை நான் தொடுவதில்லை. தொண்டை கட்டிக்கொண்டால் பிழைப்பு போய்விடும்.

பதினொரு வருடமாக அந்த நடிகருக்குப் படங்களில் குரல் கொடுத்தவன் நான். அவர் வாயசைப்பார், பேசுவது நான். அவருடைய சொந்தக் குரல் கீச்சென்று இருக்கும். அது வெளியே தெரியக் கூடாதென்று பேட்டி கேட்பவர்களிடம்கூடத் தலையாட்டிவிட்டு நழுவிவிடுவார். நான் கொடுத்த குரலை ஊரே கொண்டாடியது. என்னை எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியாது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்தப் படத்துக்கு வந்த புது டைரக்டர், படப்பிடிப்பிலேயே அவரவர் குரலைப் பதிவு செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். தம்பிக்கு, அந்த நடிகரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், உச்சரிப்பு சொல்லித்தர என்னை வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் அவர் சொந்தக் குரலில் பேசி முடித்ததும் மொத்த யூனிட்டும் கைதட்டியது. இனி நான் எதற்கு என்ற பயம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

நேற்றுக் காலை எடுத்தது, அவரை மரப்பெட்டியில் வைத்து உயிரோடு புதைக்கும் காட்சி. பெட்டிக்குள் ஒரு மைக், மூச்சு விட ஒரு குழாய்.

"அண்ணே, நெஜமாவே பயமா இருக்கு. 'தொறங்க, மூச்சு முட்டுது'ங்கிறதே வசனமா இருக்கே. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எப்படித் தெரியும்?"

"வசனத்துல இல்லாத வார்த்தை ஒண்ணு வெச்சுக்கலாம். சீப்புன்னு சொல்லுங்க தம்பி, உடனே தூக்கிடுவோம்."

சிரித்தார். அந்தச் சொல்லை எல்லோரிடமும் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டு பெட்டிக்குள் படுத்தார். சரி என்றேன். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லித் தப்பிக்கலாம். மறக்கவில்லை.

மண் போட்டார்கள். என் காதில் ஒரு ஹெட்போன், ஒலிப்பதிவாளர் காதில் ஒன்று. இரண்டு நிமிடம் வசனம் ஒழுங்காக வந்தது. பிறகு குழாய் வழியாக மண் பெட்டிக்குள் சரிந்திருக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை. பலகையை நகத்தால் பிறாண்டும் சத்தம் கேட்டது. "சீப்பு." கொஞ்சம் விட்டு, "அண்ணே, சீப்பு. சீப்புண்ணே." இவ்வளவு பயத்தை நான் ஒரு நாளும் மைக் முன்னால் கொண்டுவந்ததில்லை.

ஒலிப்பதிவாளர் என் பக்கம் திரும்பினார். "என்னண்ணே, சீப்பு சீப்புங்கிறாரு?"

"வசனம்தான். பித்துப் பிடிச்ச மாதிரி உளறச் சொல்லியிருக்கேன். ஓடட்டும்."

ஓடியது. நான்காவது நிமிடத்தில் பிறாண்டல் நின்றது. டைரக்டர் என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினேன். பெட்டியைத் திறந்தபோது அவர் கண் திறந்தபடி இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள்.

அவர் மனைவி வெளியே அழுதுகொண்டிருக்கிறார். நான் பக்கத்திலேயே இருந்தும் தம்பி கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று கேட்கிறாராம். நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். உள்ளேயிருந்து யாரோ கீச்சுக் குரலில் கூப்பிட்டது உண்மை. ஆனால் தம்பி கூப்பிட்டிருந்தால் நான் ஓடியிருக்க மாட்டேனா? அவர் குரல் எனக்குத் தெரியாதா, ஐயா? பதினொரு வருடமாக நான்தானே பேசுகிறேன்.